நோய் உடலை எப்படிக் குலைக்கிறது: பேத்தோபிசியாலஜி படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சிங், பிசியோதெரபி, எம்.பி.பி.எஸ். என்று எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் நோய் உடலின் இயக்கத்தை எப்படி மாற்றுகிறது என்று சொல்லும் பேத்தோபிசியாலஜியைத் தாண்டித்தான் போக வேண்டும். எலும்புகளின் பெயரையும் மருந்துகளின் பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் ஏற்றிவிடலாம். இந்தப் பாடம் அதற்கு மசியாது. ஆனாலும் பலருடைய நோட்டில் காரணம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை என்று தலைப்புகளும், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பட்டியலும்தான் இருக்கின்றன. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் என்ன தொடர்பு என்பது எங்கேயும் இருக்காது. பாடமே அந்தத் தொடர்புதான். நோய் என்ன செய்கிறது, அதற்கு உடல் என்ன பதில் செய்கிறது, இந்த இரண்டில் எது நம் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

நமக்கு நன்கு பழகிய டெங்குவை எடுத்துக்கொள்வோம். முக்கியமான தவறுகள் எல்லாமே அந்த ஒரு நோயில் வந்துவிடுகின்றன.

கண்ணில் படும் எண்ணையே நோய் என்று நினைப்பது

டெங்கு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது பிளேட்லெட் எவ்வளவு என்றுதான். மாணவர்களும் "பிளேட்லெட் குறையும், ரத்தம் கசியும், ஆபத்து" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிளேட்லெட் குறைவது உண்மைதான். ஆனால் கடும் டெங்குவில் பெரும்பாலும் உயிருக்கு உலை வைப்பது பிளாஸ்மா கசிவு. நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் தற்காலிகமாகத் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி, நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் போய்த் தேங்குகிறது. குழாய்களுக்குள் ஓட வேண்டிய அளவு குறைந்துகொண்டே போனால் ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச்சேராத நிலை, வரும். உடலை விட்டு ஒரு சொட்டு ரத்தம் வெளியே போகாமலே இது நடக்கலாம்.

இதைப் புரிந்துகொண்டால் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) ஏன் ஏறுகிறது என்பதைத் தனியாக மனப்பாடம் செய்யவே வேண்டாம். நீர் கசிந்துவிடுகிறது, சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றன, ரத்தம் கெட்டியாகிறது. 40 ஆக இருந்த பிசிவி 48 ஆனால் அது 20 சதவீத ஏற்றம். கணிசமான கசிவு நடந்திருக்கிறது என்று அர்த்தம். பிளேட்லெட் மட்டும்தான் பிரச்சினை என்றால் பிளேட்லெட் ஏற்றினால் எல்லாம் சரியாக வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கியும் பெரிய ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

நார்மல் என்றால் நல்லது என்று நம்புவது

டெங்கு நோயாளி ஒருவருக்குப் பிரஷர் 110/90 என்று வைத்துக்கொள்வோம். மேல் எண்ணை மட்டும் பார்த்தால் "நார்மல்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே 20-தான் இருக்கிறது. உள்ளே அளவு குறைந்ததும் உடல் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது, கைகால்களுக்குப் போகும் குழாய்களை இறுக்குகிறது. அந்த இறுக்கத்தால் கீழ் எண் ஏறுகிறது. மேல் எண் அதே இடத்தில் தாக்குப்பிடிக்கிறது. விரல்கள் சில்லிட்டிருக்கும், நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப நேரமாகும். அந்த 110 உடல் போராடிப் பிடித்துவைத்திருக்கும் எண். அது சரியும்போது போராட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

கடுமையான ஆஸ்துமாவிலும் இதே பொறிதான். மூச்சு வாங்குகிறவர் வேகமாக மூச்சு விடுவதால் அவருடைய ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்க வேண்டும். அறிக்கையில் அதன் அழுத்தம் 40 mmHg என்று வந்தால் அது பாடப்புத்தகப்படி நார்மல். அந்த நேரத்தில் அந்த எண்ணுக்கு அர்த்தம், மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன என்பது. எந்த எண்ணைப் பார்த்தாலும், இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு இருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

நேரத்தை மறந்துவிடுவது

காய்ச்சல் விட்டால் குணமாகிவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், தொடங்குகிறது. கசிவு 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். அப்புறம் குழாய்ச் சுவர் சரியாகி, வெளியே தேங்கிய நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். நேற்று உயிரைக் காப்பாற்றிய அதே டிரிப்பை இன்றும் நிறுத்தாமல் ஓட்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பிசிவி இறங்குவதற்கும் இரண்டு அர்த்தம் உண்டு. நோயாளி தெளிந்து, சிறுநீர் நன்றாகப் போய், நாடி நிதானமாக இருந்தால் நீர் திரும்புகிறது. நாடி படபடத்து, கை சில்லிட்டிருந்தால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறது. எண் ஒன்றுதான், கதை வேறு. அதனால் எந்த நோயைப் படித்தாலும் ஓரத்தில் ஒரு காலக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

உடலின் பதில் எப்போதும் நன்மைதான் என்று எண்ணுவது

ஷாக்கில் நம்மைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு நாள்பட்ட இதயச் செயலிழப்பில் எதிரியாகிறது. இதயம் போதுமான ரத்தத்தைத் தள்ளாததால் சிறுநீரகத்துக்குக் குறைவாகவே போகிறது. உடலில் நீர் போதவில்லை என்பது போல சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக உப்பும் நீரும் சேர்த்துவைக்கப்படுகின்றன. கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. இன்னொரு பக்கம் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் மாதக்கணக்கில் இதயத்தை விரட்டுகின்றன. பலவீனமான இதயத்துக்குத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் கூடவே கூடாது என்றுதான் நீண்ட காலம் கற்பித்தார்கள். 1999-ல் வெளியான சிபிஸ்-2 ஆய்வு, அந்த மருந்து வகையைச் சேர்ந்த பிசோப்ரலால் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் காட்டியது. காரணம் தெரியாமல் "இதயச் செயலிழப்பு: பீட்டா பிளாக்கர்" என்று மட்டும் எழுதிவைத்தவருக்கு, மூச்சுத்திணறலோடு நிலைகுலைந்து வருபவருக்கு அதை ஏன் உடனே புதிதாகத் தொடங்குவதில்லை என்பது விளங்காது: அந்த நேரத்தில் இதயம் அந்த விரட்டலை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கால் வீக்கம் என்றதும் இதயத்துக்குப் போய்விடுவதும் தவறு. சிறுநீரக வடிகட்டி பழுதாகும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் போய்விடுவதால் வீங்கும், யானைக்காலில் நிணநீர்க் குழாய்கள் பழுதாவதால் வீங்கும்.

படிக்கும் முறைக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நோயின் முதல் பழுதிலிருந்து கடைசி அறிகுறி வரை அம்புக்குறிகளால் வரைந்து பாருங்கள். எந்த அம்புக்கு "ஏன்" என்று சொல்ல முடியவில்லையோ அங்கே திரும்பிப் போய்ப் படியுங்கள். பயிற்சிக்கு, இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகும் நீரிழிவு கீட்டோஅசிடோசிஸ் நல்ல நோய். இன்சுலின் இல்லாததால் பொட்டாசியம் செல்களை விட்டு ரத்தத்துக்கு வருகிறது, அங்கிருந்து சிறுநீரில் ஏராளமாகப் போகிறது. அறிக்கையில் பொட்டாசியம் நார்மலாகவோ கூடுதலாகவோ தெரியும், உடலின் மொத்த இருப்போ காலியாகிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் இன்சுலின் போட்டதும் பொட்டாசியம் செல்லுக்குள் பாயும், ரத்தத்தில் மளமளவென்று இறங்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். அங்கே இன்சுலினைத் தொடங்கும் முன் பொட்டாசியம் அளவைக் கேட்பது இதற்காகத்தான்.