ஏசி கேஸ் தீர்ந்துபோறது இல்லைங்க, எங்கயோ போயிட்டிருக்கு

நம்மகிட்ட புதுசா வேலைக்குச் சேர்ந்த பையன் போன வாரம் ஒரு வீட்டுக்கு சர்வீஸுக்குப் போயிட்டு அரை மணி நேரத்துல வந்து நிக்கிறான். என்னல அதுக்குள்ளன்னு கேட்டா, "கேஸ் கம்மியா இருந்துச்சுண்ணே, டாப்-அப் பண்ணிட்டேன், இப்ப கூலிங் சூப்பர்"ங்கிறான். சரி, லீக் எங்கன்னு கேட்டேன். முழிக்கிறான். திட்ட வாய் வரல, ஏன்னா பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே தூத்துக்குடில நானும் அதே முழி முழிச்சவன்தான்.

ஃபில்டரைக் கழுவுங்க, கதவைச் சாத்துங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு. நான் அதை விட்டுடுறேன், ஏசிலயும் கீசர்லயும் நான் போற வீடுகள்ல பாக்கிற வேற தப்புகளை மட்டும் சொல்றேன்.

வருஷா வருஷம் கேஸ் அடிக்கிறது

ஏசி கேஸ் ஒண்ணும் பைக் பெட்ரோல் இல்ல, ஓட ஓட எரிஞ்சு தீர. காப்பர் பைப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், உள்ள ஆவியாகும்போது ரூம் சூட்டை இழுத்துக்கும், வெளிய மாட்டியிருக்கிற அவுட்டோர் பெட்டில திரும்ப லிக்விட் ஆகி அந்தச் சூட்டைக் கக்கும், அவ்ளோதான் அதோட வேலை. நல்லா ஓடிட்டிருந்த ஏசில கேஸ் குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. அதைக் கண்டுபிடிக்காம கேஸ் அடிக்கிறது பஞ்சர் ஒட்டாம காத்து மட்டும் அடிச்சுட்டு வண்டிய எடுக்கிற கதை.

நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு டீச்சர் வீட்டுக்கு மூணு வருஷம் இதைத்தான் பண்ணேன். ஏப்ரல் பொறந்தா போன் வரும், "தம்பி, கூலிங்கே இல்லப்பா"ன்னு, நான் போய் கேஜ் (கேஸ் பிரஷர் பாக்கிற மீட்டர்) மாட்டுவேன், கேஸ் அடிப்பேன், 2,500 ரூபா வாங்குவேன், அவங்க குடுக்கிற காப்பியக் குடிச்சுட்டு வருவேன். நாலாவது ஏப்ரல் என்னோட மேஸ்திரியும் கூட வந்தார். அவர் கேஜையே எடுக்கல. அவுட்டோர் பக்கத்து கவரைக் கழட்டி, பைப் சேர்ற நட்டுல ஒரு தடவு தடவி, விரலை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனார். கருகருன்னு எண்ணெய்ப் பிசுக்கு, அது மேல தூசி. "ஏல, கேஸ் போற எடத்துல ஆயிலும் கூடவே வரும்லா, உனக்குக் கண்ணு இல்லையா?"ன்னார். சோப்புத் தண்ணிய வச்சா முத்து முத்தா நுரை. பைப் முனைய விரிச்ச எடத்துல மயிரிழைக்கு ஒரு வெடிப்பு. அந்தத் துண்டை அறுத்துட்டுப் புதுசா ஃபிளேர் பண்ணி முறுக்க இருபது நிமிஷம் ஆகல. அதுக்கு டீச்சர் 7,500 ரூபா அழுதிருக்காங்க. அதோட போகல, கேஸ் கம்மியா ஓடினா கம்ப்ரஸர் சூடாகும், ஏன்னா திரும்பி வர்ற குளிர்ந்த கேஸ்தான் அதை ஆத்தும். அடுத்த வருஷம் கம்ப்ரஸரும் போச்சு. அதுக்கு அவங்க வேற ஆளைக் கூப்பிட்டுக்கிட்டாங்க.

இப்பவும் இதை நெனச்சா எரிச்சலா வரும், பாதி என் மேலயே.

அதனால யாராவது வந்து கேஸ் இல்லைன்னா உடனே காசை எடுக்காதீங்க. லீக் எங்கன்னு காட்டச் சொல்லுங்க, பைப்புக்குள்ள நைட்ரஜன் அடிச்சு லீக் பார்ப்பீங்களான்னு கேளுங்க, அப்புறம் பம்ப் போட்டு வேக்கம் பண்ணிட்டு, அதாவது உள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துட்டு, அவுட்டோர் ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு போட்டிருக்கோ அத்தனை கிராம் தராசுல எடை போட்டு ஏத்தச் சொல்லுங்க, இன்வெர்ட்டர் ஏசில கம்ப்ரஸர் வேகம் மாறிக்கிட்டே இருக்கும், கேஜ் முள்ளை மட்டும் பாத்து அடிக்கிறது குத்துமதிப்புதான். நைட்ரஜனுக்குப் பதிலா வெறும் காத்தை அடிச்சு டெஸ்ட் பண்றேன்னு ஒருத்தர் சொன்னா அவரை வாசலோட அனுப்பிடுங்க, இப்ப வர்ற R32 கேஸ் லேசா தீப்பிடிக்கிற ரகம், காத்தோட கலந்தா ஆபத்து. இன்னொண்ணு, இன்டோர் உள்ள இருக்கிற காயில்ல (கேஸ் சுத்துற வளைஞ்ச பைப்பும் தகடும்) ஐஸ் கட்டினாலே கேஸ் கம்மின்னு முடிவு பண்ணக்கூடாது, ஃபில்டர் அடைச்சிருந்தாலும் கட்டும்.

கடல் பக்கத்து வீடுன்னா அவுட்டோர் காயிலையும் பாருங்க. உப்புக்காத்துல அந்த அலுமினியத் தகடெல்லாம் தொட்டா பொடியா உதிரும். அந்த நிலைமைல லீக் ஆச்சுன்னா ஒட்டு போடறது வேஸ்ட், காயிலை மாத்தறதுதான்.

பையனை மறுநாள் அதே வீட்டுக்கு அனுப்பினேன், சோப்புத் தண்ணி பாட்டிலோட. இன்டோர் பின்னாடி நட்டு லூஸாம்.

வேக்கம் இல்லாம புது ஏசி மாட்டுறது

அவுட்டோர்ல இருக்கிற கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு பைப்புல இருக்கிற காத்தைத் தள்ளிட்டு "முடிஞ்சது சார்"ம்பாங்க. ஈரம் உள்ளயே தங்கிடும், ஆயிலோட சேர்ந்து ஆசிட் ஆகும், வாரண்டி முடியற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. மாட்ட வர்றவர் கைல வேக்கம் பம்ப் இருக்கான்னு பாருங்க, அது இருபது முப்பது நிமிஷம் ஓடணும்.

பெரிய டன்னா வாங்கிடலாம்ங்கிறது

டன்னா ஏசியோட வெயிட்டுன்னு நெனச்ச ஒரு கஸ்டமர் எனக்கு இருக்கார். ஒரு டன்னா மணிக்கு 12,000 பிடியூ (சூட்டை அளக்கிற அளவு) சூட்டை வெளிய தள்ற கணக்கு. நம்ம ஊர்ல சூட்டை விட புழுக்கம்தான் பிரச்சினை, சின்ன ரூமுக்கு 2 டன் போட்டா சட்டுனு குளிர்ந்து கட் ஆயிடும், ஈரத்தை இழுக்க நேரமே இருக்காது, ஜில்லுனு பிசுபிசுன்னு கிடப்பீங்க. மொட்டை மாடிக்கு நேர் கீழ ரூம்னா மட்டும் அரை டன் அதிகமா வாங்க யோசிக்கலாம்.

16-ல வச்சா சீக்கிரம் குளிரும்

குளிராது. நேரம்தான் கூட ஓடும். 2020 ஜனவரிலேருந்து புது ஏசியெல்லாம் ஆன் பண்ணா 24-லதான் வரணும்னு ரூலே இருக்கு.

அவுட்டோருக்குக் கூண்டு

சூட்டை வெளிய தள்ற மெஷினை அடைச்சு வச்சா எங்க தள்ளும்?

கீசர் வால்வு சொட்டுதுன்னு அடைக்கிறது

செய்யவே செய்யாதீங்க. உள்ள பிரஷர் ஏறினா வெளிய விடத்தான் அந்த வால்வு. ஒரு வீட்டுல சைக்கிள் டியூபைக் கிழிச்சு அது மேல இறுக்கிச் சுத்திக் கட்டி வச்சிருந்தாங்க, குளிக்கிற ஆளோட தலைக்கு நேர் மேல. பிளக்கைப் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டு, கடைக்குப் போய் வால்வு வாங்கிட்டு வந்து மாத்தின பிறகுதான் திருப்பிக் குடுத்தேன்.