கருப்பட்டி தெரிந்த நாக்குக்கு இம்பீரியல் ஸ்டவுட்

முதல் பாட்டிலைக் கெடுத்தது நான்தான். பதினோரு வருடம் சரக்குக் கப்பலில் சமையல் பார்த்தவன், நாக்கை வைத்துச் சம்பாதித்தவன். இருந்தும், மச்சான் திருவனந்தபுரத்தில் இறங்கும்போது கொண்டுவந்த இம்பீரியல் ஸ்டவுட்டை, அதாவது கருக வறுத்த தானியத்தில் செய்யும் கெட்டிக் கருப்புப் பீரை, சாதா பீர் மாதிரி ஃப்ரீசரில் போட்டேன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஒரே மடக்கில் பாதியைக் குடித்தேன். கரித்தூளைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. “இதுக்கா மக்கா இவ்வளவு பைசா குடுத்தே?” என்று கேட்டுவிட்டு டம்ளரைத் திண்ணையில் வைத்தேன். கரண்ட் போயிற்று, பேச்சு நீண்டது. முக்கால் மணி நேரம் கழித்து, வீணாக்க மனமில்லாமல் மிச்சத்தை வாயில் விட்டால், காப்பி, உலர்திராட்சை, அப்புறம் சந்தேகமே இல்லாமல் கருப்பட்டி. அதே டம்ளர், அதே பீர்.

அதனால் முதலில் சூட்டைக் கவனியுங்கள். பத்து முதல் பதின்மூன்று டிகிரி வரை இருந்தால் இது வாயைத் திறக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வையுங்கள். நம் ஊர் வெயில் காலத்தில் அதற்கும் குறைவாகவே போதும். பெயரில் ‘இம்பீரியல்’ வந்தது 18ஆம் நூற்றாண்டில் லண்டன் சதர்க் பகுதியிலிருந்து ரஷ்ய அரசவைக்குப் போன கெட்டி ஸ்டவுட்டால். பேரரசி இரண்டாம் கேத்தரின் காலம் அது. குளிர் நாட்டுக்குப் போன சரக்கு என்பதற்காக அதை ஃப்ரீசரில் தள்ள வேண்டும் என்று இல்லை.

கிளாஸ் வயிறு பெருத்து வாய் குறுகியதாக இருக்கட்டும். பிராந்தி கிளாஸ் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மிச்ச இடம் வாசனைக்கு. எவர்சில்வர் வேண்டவே வேண்டாம்.

பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைக்கும் பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். அதில் தோற்றத்துக்கு வெறும் 3. நானும் அவ்வளவுதான் தருவேன்: கருப்பாக இருக்க வேண்டும், நுரை பழுப்பாக இருக்க வேண்டும். சாராயச் சத்து அதிகம் என்பதால் நுரை சீக்கிரம் அடங்கினாலும் குற்றமில்லை.

வாசனைக்கு 12, சுவைக்கு 20. வேலை இங்கேதான். மூக்கைக் கிளாஸுக்குள் புதைத்து நீளமாக இழுக்காதீர்கள். நாய் மோப்பம் பிடிப்பதுபோல் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று இழுப்பு, பிறகு மூக்குக்கு ஓய்வு. வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘மொலாசஸ்’, ‘பிளம்’ என்று இருக்கும். பிளம்மை நான் கப்பலில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். தெரியாத பழத்தின் பெயரை எழுதி என்ன பயன்? நம்மிடம் கருப்பட்டிக் காப்பி இருக்கிறது, பேரீச்சை இருக்கிறது, அடுப்பில் குறுகுகிற அக்கானி (பதநீர்) இருக்கிறது. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்டில் வனிலாவோடு கொப்பரை வாசனை வரும். தேங்காய் யாரும் போட்டதில்லை, ஓக் மரம் தருவது அது.

நம் ஆட்கள் ஏமாறுகிற இடம் கிராம்பு. குமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்பை மோந்து வளர்ந்த நமக்கு அந்த வாசனை வந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பீரில் அது பெரும்பாலும் வேண்டாத ஈஸ்ட் புகுந்ததன் அடையாளம். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

சரி, வாய்க்கு வருவோம். ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விட்டு, விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூச்சை மூக்கு வழியாக வெளியே விடுங்கள். பாதிச் சுவை அந்த மூச்சில்தான் வரும். முதல் வாயை நம்பாதீர்கள், அது நாக்கைக் கழுவ. கணக்கு இரண்டாவதிலிருந்து.

இங்கே பார்க்க வேண்டியது கசப்பின் தரம். என் தாத்தா பனையேறி. அவர் இறக்கிய அக்கானியை அம்மை காய்ச்சுவாள். கடைசிப் பத்து நிமிடம் யாரும் அவளிடம் பேசக்கூடாது. பாணி நூல் விடும் நேரத்தில் கை ஒரு நொடி நின்றால் அடிபிடித்துவிடும். சிரட்டையில் ஊற்றி ஆறிய பிறகு, நல்லதும் அடிபிடித்ததும் பார்வைக்கு ஒரே கருப்புதான். கிள்ளி நாக்கில் வைத்தால்தான் தெரியும்: நல்லதில் லேசான கசப்பு இனிப்போடு கரைந்து போகும், அடிபிடித்ததில் இனிப்பு போன பிறகும் சாம்பல் தொண்டையில் நிற்கும். ஸ்டவுட்டுக்கும் இதே சோதனைதான். 1817இல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுக்கும் உருளை மாதிரி ஒன்றில் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, கருக வறுக்கக் காப்புரிமை வாங்கினார். காப்பியே போடாத பீரில் காப்பி மணப்பது இந்த வறுவலால்தான். வறுத்தவர் கை தவறினால், அல்லது கருப்பு மால்ட்டை அள்ளிப் போட்டிருந்தால், விழுங்கி அரை நிமிடம் கழித்தும் சாம்பல் நிற்கும். கூடவே பீரில் போடும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் உண்டு. அது இல்லாவிட்டால் இவ்வளவு இனிப்பும் பாயசமாகத் திகட்டும்.

சாராயச் சூடு நெஞ்சில் கதகதவென்று இறங்கினால் நல்லது. மூக்கில் குத்தினால், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் ஞாபகம் வந்தால், நொதித்தலில் கோளாறு.

பழைய பாட்டில் தனிக் கதை. நன்றாக வைத்திருந்தால் சில வருடங்களில் கசப்பு தணிந்து உலர்திராட்சை முன்னால் வரும். நான் ஒன்றை மேல்பரணில் வைத்து ஒரு சித்திரை, வைகாசியைக் கடத்தினேன். திறந்தால் சோயா சாஸ், அடியில் ஒட்டுப்பால் (காய்ந்த ரப்பர் பால்) வாடை. ரப்பர் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். செத்த ஈஸ்ட் சிதைந்தால் அப்படித்தான் வரும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. இப்போது நான் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், நிற்க வைத்து, வெளிச்சம் படாமல் வைக்கிறேன்.

அளவு: பத்து சதவீத ஸ்டவுட் 330 மில்லியில் 33 மில்லி சாராயம் இருக்கிறது. ஐந்து சதவீதச் சாதா பீர் 650 மில்லி பாட்டில் முழுவதிலும் இருப்பது 32.5 மில்லி. சின்னப் பாட்டில் என்று ஏமாறாதீர்கள். மூன்று பேருக்கு ஒன்று போதும், பைக் சாவி வீட்டுக்காரியிடம் இருக்கட்டும்.

கூடக் கடிக்க முந்திரிக்கொத்து. வறுத்த பயறும் கருப்பட்டியும் ஸ்டவுட்டின் வறுவலோடு அப்படிச் சேரும். மீன் புளிமுளம் என்ற காரக் குழம்பு வேண்டாம். சாராயம் மிளகாய் எரிச்சலைக் கூட்டிவிடும்.

குடிக்கும்போதே எழுதுங்கள், மறுநாள் எதுவும் ஞாபகம் இருக்காது. என் நோட்டிலிருந்து, கொழும்பிலிருந்து வந்த லயன் ஸ்டவுட் பற்றி: “8.8 சதவீதம். இம்பீரியல் என்று பெயர் இல்லை, ஆனால் சொந்தக்காரன். மணம்: சாக்லேட், கருப்பட்டிக் காப்பி. வாயில் பாணி. சாம்பல் இல்லை. கிளாஸ் சூடாகச் சூடாகப் பேரீச்சை. 50க்கு 39. மச்சானுக்குப் பிடிக்கவில்லை, ஐஸ் கேட்டான்.”