உரப்பையில் இஞ்சி, வேலியோரம் மஞ்சள்

2020இல் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி நின்று, ஒரு கிலோத் தூளின் விலை ஆயிரங்களில் ஏறியபோதுதான் எனக்கு வீட்டு வளவின் நினைவு வந்தது. சொதிக்கு ஒரு சிட்டிகை போடவே கை தயங்கிய காலம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வளவு சீதனத்துக்காக இரண்டு முறை பிரிக்கப்பட்டது. கிணற்றடி, ஒரு முருங்கை, வேலியோரம், இவ்வளவுதான் மிச்சம்.

கிணற்றடியில் ஈரம் குறையாதே என்று ஆவணியில் அங்கே இஞ்சி நட்டேன். கார்த்திகை மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் மஞ்சளித்த ஒரு தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கிழங்கை விட்டுவிட்டுத் தண்டு மட்டும் கையோடு வந்தது. அடியில் கொழகொழப்பும், மீன் கழுவிய தண்ணீரின் நாற்றமும். அதுதான் கிழங்கழுகல். அப்படி ஒன்றைக் கண்டால் மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் மறுபடி இஞ்சி நடாதீர்கள்.

இப்போது சித்திரை வருஷம் பிறந்து ஒரு கிழமைக்குள் நட்டுவிடுகிறேன். விதைக்குப் பக்கத்து ஊரான திருநெல்வேலியின் சந்தைக்குத்தான் போவேன். மினுமினுப்பாகக் கழுவி அடுக்கியதைத் தொடமாட்டேன். தோல் முற்றி, மூக்கு நுனிபோல் மொட்டு தள்ளியதாகப் பொறுக்குவேன். கட்டைவிரல் நீளத்துக்கு, இரண்டு மொட்டாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, ஒரு நாள் நிழலில் விடுவேன்.

உரப்பையைப் பாதிவரை மடித்து, அடியில் பத்துப் பன்னிரண்டு துளையிடுங்கள். செம்பாட்டு மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு. வெறும் செம்பாடு வெயிலில் கல்லாக இறுகிவிடும். மொட்டு மேலே பார்க்க, இரண்டு விரல் ஆழத்தில் வையுங்கள். மஞ்சளுக்கும் இதே முறைதான்; அதற்கு மண் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, வேலியோரம் வரம்பு உயர்த்தி நட்டாலே போதும். முளை வெளியே வர ஒரு மாதமும் ஆகலாம். முதல் வருஷம் என் கணவர் மூன்று தடவை கிளறிப் பார்த்து, இரண்டு முளையை முறித்து வைத்தார்.

காலை வெயில் போதும்; மத்தியானத்தில் முருங்கை நிழல் விழ வேண்டும். ஆனி, ஆடியில் சோழகக் காற்று அடித்து இலை நுனி கருகும். பூவரசங்குழையை ஒடித்து மண்ணின்மேல் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்புத் தண்ணீர். இஞ்சிக்கோ சற்றுப் புளிப்பான மண்தான் பிடிக்கும். அதனால் மாதம் ஒரு பிடி எரு தவறாமல் போடுவேன். ஐப்பசி பிறந்ததும் பைகளைச் சீமெந்துக் கல்லின்மேல் தூக்கி வைத்துவிடுங்கள்.

இளம் இஞ்சி வேண்டுமென்றால் புரட்டாதியிலேயே பையின் ஓரத்தைக் கிளறி ஒரு துண்டு முறிக்கலாம். தைப்பொங்கலன்று ஒரு மஞ்சள் செடியை இலையோடு பிடுங்கிப் பானையில் கட்டுவேன். மற்றவை இலை பழுத்துச் சாயும்வரை மண்ணில் இருக்கட்டும்.

இஞ்சித் தோலைக் கத்தியால் சீவாதீர்கள், கரண்டி விளிம்பால் சுரண்டினால் வீணாகாது. பால் தேநீருக்கு இஞ்சியை முதலில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பால் ஊற்றுங்கள். பச்சையாகப் பாலில் போட்டால் திரைந்துவிடும். மிஞ்சியதைக் காயவைத்தால் வேர்க்கொம்பு (சுக்கு), மழை நாளில் மல்லிக் கோப்பிக்கு உதவும்.

சொதிக்கு அரை விரல் பச்சை மஞ்சளைத் தட்டி, இரண்டாம் பாலோடு கொதிக்க விடுகிறேன். வேட்டியில் கறை பட்டால் சவர்க்காரம் போட்டதும் சிவந்து பயமுறுத்தும். அலசி வெயிலில் போடுங்கள், நாளடைவில் மங்கும். தூளுக்கென்றால் கிழங்கு மென்மையாகும்வரை அவித்து, முறித்தால் டக்கென்று ஒடியும்வரை காயவைக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் கிழங்கு ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கும். மில்லில் மிளகாய் அரைத்த கையோடு மஞ்சளைக் கொட்ட விடாதீர்கள். அந்தத் தூளை முகத்தில் பூசி ஒருநாள் முழுக்க எரிந்தவள் நான்.

விதைக்குத் தடித்த கிழங்காக ஒரு பங்கை ஒதுக்கி, வாய் உடைந்த மண்பானையில் காய்ந்த மணலுக்குள் புதைத்திருக்கிறேன். மேலே சுளகு கவிழ்த்திருக்கிறது. மீன் கழுவ மஞ்சள் முடிந்துவிட்டது என்று யார் வந்தாலும் அந்தச் சுளகை மட்டும் தூக்க விடுவதில்லை.