மனநோய் பாடத்துக்கு ஒரு படக்காட்சி, ஒரு ராக் பாட்டு

கல்லூரி மாணவர்களுக்கு மனநோய் பற்றி வகுப்பெடுக்கப் போகிறீர்களா? நோய்ப் பட்டியலோடு தொடங்காதீர்கள், கொட்டாவி வந்துவிடும். ஒரு படக்காட்சி போடுங்கள், பத்து நிமிடம் போதும். சென்னையில் இது புதிதல்ல. அண்ணா நகரில் உள்ள மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப், மனநோய் பற்றிய திரைப்பட விழாவே நடத்தியிருக்கிறது.

2001-இல் வந்த ஹாலிவுட் படம் ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ நல்ல தேர்வு, அதிலுள்ள பிசகுக்காகவே. கணித மேதை ஜான் நாஷ் இல்லாத ஆட்களைக் கண்ணால் பார்ப்பதாகப் படம் காட்டுகிறது. நிஜத்தில் அவருக்குக் கேட்டவை குரல்கள். அவருக்கு இருந்த மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரினியா) குரல் கேட்பதுதான் அதிகம். “இதில் எது சினிமாவுக்காகச் சேர்த்தது?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாகவே ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ பக்கம் போகும். போகட்டும்! மனநோயாளி என்றாலே ஆபத்தானவர் என்ற நினைப்பை உடைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பாட்டுக்கு பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பிங்க் ஃபிலாய்டின் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ (1975). மனநிலை குலைந்து 1968-இல் குழுவைவிட்டுப் பிரிந்த சிட் பாரெட்டை நினைத்து எழுதியது. குரல் வரவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், முன்பகுதியைத் தாண்டிவிடுங்கள். அவருக்கு என்ன நோய் என்று யூகிக்க விடாமல், நண்பர்களின் தவிப்பைப் பற்றிப் பேசுங்கள்.

தற்கொலைக் காட்சி மட்டும் வேண்டாம். வகுப்பில் யாருக்கு என்ன வலி இருக்கிறதோ! அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ முதலிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். கட்டணமில்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.