தொகுதி வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினால் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரு பட்டியல் கிளம்பிவிடும். 1952 முதல் 2021 வரை 16 பொதுத்தேர்தல், 16 வரி. ஆண்டு, வென்றவர், கட்சி. அதைக் காட்டி "இது எங்கள் கோட்டை" என்று ஒருவர் சொல்வார், "இல்லை, எங்கள் கோட்டை" என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்பார். அந்த 16 வரியும் ஒரே மண்ணைப் பற்றியவைதானா என்று பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலான பிழைகளுக்கு வேர் அங்கேதான்: பெயர் அப்படியே இருந்தால் தொகுதியும் அப்படியே இருக்கிறது என்ற நம்பிக்கை.

தமிழ்நாட்டில் 1967, 1977, 2011 தேர்தல்கள் புதிய எல்லைகளோடு நடந்தவை. 234 என்ற எண்ணிக்கை 1967 முதல் மாறவில்லை. அதனால்தான் உள்ளே நடந்த மாற்றம் கண்ணில் படுவதில்லை. எம்.ஜி.ஆர். 1967லும் 1971லும் வென்ற பரங்கிமலை என்ற பெயரே 1977இல் இல்லாமல் போனது. தேனி என்றொரு சட்டமன்றத் தொகுதி 2006 வரை இருந்தது. இன்று மாவட்டத்துக்கும் மக்களவைத் தொகுதிக்கும் அந்தப் பெயர் உண்டு, சட்டமன்றத் தொகுதிக்கு இல்லை.

சேப்பாக்கம் இன்னும் நல்ல உதாரணம். கலைஞர் 1996, 2001, 2006 என்று மூன்று முறை அங்கே ஜெயித்தார். தொகுதி எல்லைகளைப் புதிதாக வகுக்கும் மறுவரையறையில் அது பக்கத்துத் திருவல்லிக்கேணியோடு இணைந்து, 2011 தேர்தலில் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி ஆனது. பட்டியல் போடுபவர்கள் சேப்பாக்கத்தின் பழைய வரிகளை மட்டும் மேலே ஒட்டிவிடுகிறார்கள். 2006இல் திருவல்லிக்கேணியில் வென்றவர் அதிமுகவின் பதர் சயீத். அந்த வரி காணாமல் போகிறது. இன்றைய தொகுதிக்குத் தாய் இரண்டு என்றால் இரண்டு வரலாற்றையும் தனித்தனியாகக் கொடுத்து, 2011இல் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடர்ந்து எழுத வேண்டும்.

எல்லை எங்கே போனது என்று அறிய எல்லை மறுவரையறை ஆணையையே திறந்து பாருங்கள். தாலுகா பெயரைப் போட்டு, பக்கத்தில் "பகுதி" என்று குறித்து, கீழே ஊர் ஊராக வரிசையாக இருக்கும். நகரமென்றால் வார்டு எண்கள். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் ஊராட்சி பழைய தொகுதியை விட்டுப் போனது அந்த வரிசையில்தான் தெரியும். தொகுதி எண்ணை மட்டும் வைத்துப் பழையதையும் புதியதையும் பொருத்திவிடாதீர்கள், மறுவரையறையில் எண்களும் மாறும்.

பெயர்க் குழப்பத்தில் இன்னொரு வகை, திருப்பத்தூர். ஒன்று வடக்கே, முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்து இப்போது தனி மாவட்டத் தலைநகராகிவிட்டது. இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில். தமிழில் எழுத்துக்கூட மாறாது. சிவகங்கைப் பக்கத்தில் வென்ற திமுகவின் பெரியகருப்பனை ஜோலார்பேட்டைக்கு அருகே கொண்டுபோய் வைத்த பட்டியலை நானே பார்த்திருக்கிறேன். மாவட்டப் பெயரைச் சேர்த்து எழுதினால் தீர்ந்தது.

சரி, 1952, 1957க்கு வருவோம். பலரும் இடறும் இடம் இதுதான். அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1957இல் சென்னை மாநிலத்தில் தொகுதிகள் 167, உறுப்பினர்கள் 205. இரட்டைத் தொகுதியில் ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. ஒதுக்கீட்டுப் பிரிவினரில் அதிக வாக்கு பெற்றவருக்கு முதலில் அந்த இடம். மீதி எல்லாரிலும் அதிகம் பெற்றவருக்கு மற்ற இடம். மற்ற இடத்தையும் ஒதுக்கீட்டுப் பிரிவினரே பிடிக்கலாம். ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் 1957இல் அப்படித்தான் இரண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்குப் போனது. தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. உச்ச நீதிமன்றம் வரை போயும் முடிவு மாறவில்லை.

ஆகவே இந்தத் தொகுதிகளுக்கு ஒரே ஒரு வெற்றியாளரை எழுதி முடிப்பது பெரும் பிழை. பட்டியல்களில் அடிக்கடி விடுபடுவது ஒதுக்கீட்டு இடத்தில் வென்றவரின் பெயர். சாதிச் சுவர்கள் இன்னும் உயரமாக இருந்த காலத்தில் சட்டமன்றத்துக்குள் போன மனிதர்கள் அவர்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதியதை அந்த ஊரின் வரலாறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்புறம், ஆளுக்கு இரண்டு வாக்கு என்பதால் அந்தக் கால வாக்குச் சதவீதத்தை 1962 முதல் வந்ததோடு அப்படியே ஒப்பிடவும் முடியாது.

மாநில எல்லையையும் மறக்கக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தினரும் செங்கோட்டைக்காரர்களும் 1952லும் 1954லும் வாக்களித்தது திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்கு. சென்னை மாநிலத்தில் 1954இல் பொதுத்தேர்தலே இல்லை என்பதால் அந்த வரி பட்டியலில் ஏறுவதே இல்லை. திருத்தணி 1953இல் ஆந்திராவுக்குப் போய் 1960இல் திரும்பி வந்தது. அங்கே 1957 என்று ஒரு வரி நிரப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கட்சிப் பத்தியில் என்ன எழுதுவது? 1957இல் திமுகவுக்குத் தேர்தல் ஆணைய அங்கீகாரம் கிடையாது. காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணாவும் குளித்தலையில் வென்ற கலைஞரும் ஆணைய அறிக்கையில் சுயேச்சைகள். "சுயேச்சை (திமுக)" என்று எழுதினால் இரண்டு உண்மையும் நிற்கும். அண்ணா 1967இல் காஞ்சிபுரத்தில் வென்று முதல்வரானார் என்று எழுதுவதும் தவறு. 1962இல் அங்கே தோற்றார். 1967இல் தென்சென்னையில் மக்களவைக்கு வென்றார். முதல்வரான பிறகு, அப்போது இருந்த சட்ட மேலவை வழியாக வந்தார். 1989க்கு வெறுமனே "அதிமுக" என்று போடாதீர்கள், அப்போது கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. போடியில் ஜெயலலிதா வென்றது சேவல் சின்னத்தில். ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றது இரட்டைப்புறாவில். சின்னமும் கட்சியும் எப்போதும் ஒன்றல்ல: 2021இல் உதயசூரியனில் வென்ற 133 பேரில் மதிமுகவினர் 4 பேர் உண்டு.

இடைத்தேர்தலை விட்டால் கதையே மாறிவிடும். ஆர்.கே.நகருக்குப் பொதுத்தேர்தல்களை மட்டும் எழுதிப் பாருங்கள்: 2011 அதிமுக, 2016 அதிமுக, 2021 திமுக. 2015இல் ஜெயலலிதா நின்ற இடைத்தேர்தல் அதில் இல்லை. 2017 ஏப்ரலில் ரத்தான தேர்தல் இல்லை. அதே டிசம்பரில் சுயேச்சையாக நின்று 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்ற தினகரனும் இல்லை. அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டுக்கும் 2016 மே என்று எழுதுவது தவறு. பணப் பட்டுவாடா புகாரில் நிறுத்தப்பட்டு நவம்பர் 19இல்தான் வாக்குப்பதிவு நடந்தது.

சதவீதம் போடும்போது எதற்குச் சதவீதம் என்று சொல்லுங்கள். 2 லட்சம் வாக்காளரில் 1.5 லட்சம் பேர் வாக்களித்து ஒருவர் 60,000 வாங்கினால், மொத்த வாக்காளரில் 30, பதிவானதில் 40. நோட்டாவையும் சேர்த்தா விட்டா என்றும் குறிப்பிட வேண்டும்.

கடைசியாக, நீதிமன்றம். ராதாபுரத்தில் 2016இல் அதிமுகவின் இன்பதுரை 49 வாக்கு வித்தியாசத்தில் திமுகவின் அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டார். பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று தள்ளப்பட்ட 203 தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண 2019இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. முடிவு வெளிவராமலேயே அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிந்தது. 2021இல் அப்பாவு அங்கேயே வென்று சபாநாயகரானார். இத்தனையையும் "2016 - அதிமுக" என்ற ஒரு வரியில் அடக்கிவிடாதீர்கள். கீழே ஒரு குறிப்பாவது போடுங்கள்.