ப்ராசசரா, கிராபிக்ஸ் கார்டா? கேமிங் கணினியில் முதலில் எதை மாற்றுவது

அமெரிக்கக் காணொளிகளில் கிராபிக்ஸ் கார்டைக் காட்டி "300 டாலர்தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்பார்கள். அது விற்பனை வரி சேராத விலை. தென்னாப்பிரிக்கக் கடையின் விலைச்சீட்டில் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கும். அதற்கு முன்பே ராண்டின் மதிப்பும் இறக்குமதியாளரின் பங்கும் அதில் ஏறியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் விலை அல்ல அது. கணினியை எது பின்னுக்கு இழுக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அக்கா மகனின் கணினியை வைத்தே விளக்குகிறேன். ரைசன் 5 2600 ப்ராசசர், பி450 மதர்போர்டு (பாகங்களை இணைக்கும் பலகை), 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 6 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, நொடிக்கு 144 முறை படம் மாறும் (144 ஹெர்ட்ஸ்) 1080பி திரை. "ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்தானே, மாமா?" என்று கேட்டான். விடை அவன் எதிர்பார்த்ததுபோல் வரவில்லை.

படி 1: எது எதற்காகக் காத்திருக்கிறது?

விளையாட்டில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், இரண்டு வேலைகள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று ப்ராசசர் கணக்குப் போடுகிறது. கார்டு அதை வரைகிறது. இரண்டில் மெதுவானது எதுவோ, அதுதான் நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, கார்டின் பயன்பாடு, ப்ராசசரின் ஒவ்வொரு திரெட்டின் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழையின்) பயன்பாடு, இரண்டின் வெப்பம், ஃபிரேம் எண்ணிக்கை ஆகியவை விளையாடும்போது திரையின் மூலையில் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் அமைப்பில் வி-சிங்க்கையும் (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் அமைப்பு) ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிடுங்கள். அவை இயங்கினால் இரண்டு பாகங்களுமே ஓய்வாக இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும்.

கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால், கார்டுதான் திணறுகிறது. அது 60, 70 என்று தள்ளாடினால் ப்ராசசர் பின்தங்குகிறது. பலர் சறுக்குவது இங்கேதான். "ப்ராசசர் மொத்தம் 40 விழுக்காடுதானே காட்டுகிறது, அதில் என்ன குறை?" என்பார்கள். ரைசன் 5 2600-இல் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் உண்டு. விளையாட்டின் முக்கிய வேலை ஒன்றிரண்டு திரெட்களிலேயே குவியும். அவை முட்டி நிற்க, மற்றவை சும்மா இருந்தால் சராசரி குறைவாகத்தான் தெரியும். மொத்தக் கணக்கைப் பார்க்காதீர்கள்; ஒவ்வொரு திரெட்டையும் பாருங்கள்.

ஐயம் தீரவில்லை என்றால் திரைத் தெளிவை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறைத்து அதே இடத்தில் விளையாடுங்கள். ஃபிரேம் எகிறினால் கார்டுதான் குறை. அசையாமல் நின்றால் ப்ராசசர்.

மருமகனின் கணினியில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஓடும்போது கார்டு பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. சைபர்பங்க் 2077 ஓடும்போது அதே கார்டு 99-இல் ஒட்டிக்கொண்டது. ஒரே கணினி, இரண்டு தீர்ப்பு. அவன் மாலையெல்லாம் ஆடுவது முதலாவதைத்தான். எனவே ப்ராசசர் முதலில், கார்டு பிறகு.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய சர்வரில் ஆடும்போது பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் மில்லிவிநாடி) 150-ஐத் தாண்டுகிறது என்று கார்டை மாற்ற நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கடலடிக் கம்பியின் நீளத்தை எந்தக் கார்டும் குறைக்காது. ஜோஹன்னஸ்பர்க் சர்வர் உள்ள விளையாட்டென்றால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: காசில்லாமல் கிடைக்கும் வேகம்

சிபியு-இசட் மென்பொருளில் ரேமின் வேகத்தைப் பாருங்கள். 3200 என்று எழுதி விற்ற ரேம், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை இயக்காததால் 2133-இலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். மென்பொருள் பாதி எண்ணையே காட்டும்; அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரே ரேம் துண்டு இருந்தால், அதே வகையில் இரண்டாவதைச் சேர்ப்பதும் ப்ராசசருக்கு நல்ல ஊக்கம்.

அடுத்தது வெப்பம். ஜிடிஎக்ஸ் 1060 போன்ற கார்டுகள் 83 பாகையை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் அந்த எண்ணைத் தொடுவது எளிது. ஜோஹன்னஸ்பர்க்வாசிகளுக்கு வேறு தொல்லை: கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் குறைவான வெப்பத்தையே வெளியே தள்ளும். தூசியைத் துடைத்து, ப்ராசசர் மேலுள்ள காய்ந்த வெப்பப் பசையைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.

படி 3: ப்ராசசர் என்றால், மதர்போர்டைக் கேளுங்கள்

ஏஎம்டியின் ரைசன் 1000 முதல் 5000 வரையிலான மேசைக்கணினி வரிசைகள் ஏஎம்4 சாக்கெட்டில் (ப்ராசசர் உட்காரும் இடம்) பொருந்துபவை. ஆகவே பி450 வைத்திருப்பவர் மதர்போர்டையும் ரேமையும் மாற்றாமலேயே ரைசன் 5 5600-க்கோ, விளையாட்டுக்கென்றே பெரிய கேஷ் (ப்ராசசரின் உள் நினைவகம்) வைத்துச் செய்த 5700எக்ஸ்3டி போன்றவற்றுக்கோ தாவலாம். 2022-இல் வந்த ஏஎம்5-க்குப் போனால் மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்த்து வாங்க வேண்டும். பட்ஜெட் இருமடங்காகிவிடும், பலருக்கு அது இப்போது தேவையில்லை என்பதே என் கருத்து.

இன்டெல் பக்கம் இந்தத் தாராளம் இல்லை. 12, 13, 14-ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பொருந்தும். 10, 11 தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1200. எட்டாம் தலைமுறை ப்ராசசர் ஆறாம் தலைமுறையின் சாக்கெட்டில் உட்கார்ந்தாலும் அந்த மதர்போர்டில் ஓடாது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் மதர்போர்டுக்கான ப்ராசசர் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் தேவையான பயாஸ் பதிப்பையும் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

படி 4: கார்டு என்றால், பவர் சப்ளையைக் கேளுங்கள்

பெயர் தெரியாத பழைய பவர் சப்ளையில் பெரிய கார்டை மாட்டுவது குருவி தலையில் பனங்காய் வைப்பது. மதர்போர்டின் துளை வழியாக 75 வாட் வரை கிடைக்கும். பவர் சப்ளையிலிருந்து வரும் எட்டு ஊசி இணைப்பு ஒன்று 150 வாட் தரும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட் போதும் என்பதால் 550 வாட் தரமான பவர் சப்ளை தாராளம். ஆனால் அந்தக் கார்டு மதர்போர்டோடு பேச எட்டு பிசிஐஇ தடங்களையே பயன்படுத்துகிறது. பி450 போன்ற மூன்றாம் தலைமுறைத் துளையில் மாட்டினால், நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் சற்றுப் பின்தங்கும். புதிய பெரிய விளையாட்டுகளே நோக்கமென்றால் 8 ஜிபி-யோடு நிற்காமல் 12 அல்லது 16 ஜிபி நினைவகமுள்ளதைத் தேடுங்கள். பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள்.

பழைய கார்டு வாங்குவதில் தவறில்லை. விற்பவர் வீட்டிலேயே விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய பொருள் பழுதானால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் துணை நிற்கும். தெருமுனையில் தனிநபரிடம் கைமாறியதற்கு அந்தத் துணை கிடையாது.

படி 5: மாட்டும் நாள்

ப்ராசசர் மாற்றுவதென்றால் பழையது மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டு செத்துப்போகலாம். உங்கள் பகுதியில் மின்வெட்டு அறிவிப்பு ஏதும் உண்டா என்று பார்த்து, முடிந்தால் யுபிஎஸ்ஸில் இணைத்துச் செய்யுங்கள். கோடை மாலையில் இடி முழங்கும்போது வேண்டவே வேண்டாம். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு இயங்கினால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே குறித்துவையுங்கள்; ப்ராசசர் மாறியதும் கணினி அதைக் கேட்கலாம்.

ஏஎம்4-இல் ஊசிகள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன. வெப்பப் பசை இறுகியிருந்தால், கூலரை நேராக இழுக்கும்போது பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். கணினியைப் பத்து நிமிடம் விளையாட்டில் ஓட்டிப் பசையை இளக்குங்கள். அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு கூலரின் பிடிகளைத் தளர்த்தி, இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். ஒட்டு விட்டது கைக்குத் தெரியும். அப்போது தூக்குங்கள்.

கார்டை மாட்டியதும் திரையின் கம்பியைக் கார்டிலேயே செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. விண்டோஸ் திரை அமைப்பில் 60 என்று கிடந்தால் 144-க்கு மாற்றுங்கள். பிறகு முதல் படியில் அளந்த அதே விளையாட்டு வரைபடத்தில், அதே மூலையில் நின்று மறுபடியும் அளங்கள்.