பேட்டரி வாங்கும் முன் ஹாரனை அடித்துப் பாருங்கள்

ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. மோல்மேன், பெகு பக்கம் இருப்பவர்களுக்கோ 110, 125 சிசி வண்டி இல்லாமல் காரியம் நடக்காது. திஞ்சான் எனும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீரில் நனைந்த வண்டி அடுத்து மழைக்காலத்திலும் ஊறும். அப்புறம் ஒருநாள் ஸ்டார்ட் ஆகாது. உடனே பேட்டரி மாற்ற ஓடாதீர்கள்.

முதலில் சாவியைத் திருப்பி ஹாரன் அடியுங்கள். ஹெட்லைட்டை நம்ப வேண்டாம். பல சின்ன வண்டிகளில் அது என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக எரிவது. பேட்டரி செத்தாலும் பளிச்சென்றுதான் இருக்கும். ஹாரன் கம்மினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு. ஹாரன், இண்டிகேட்டர் எதுவுமே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். செம்புக் கம்பி சுற்றுவது வயரிங்கையே கொளுத்திவிடும். புதிதும் போனால் எங்கோ ஷார்ட். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயர் உரசியிருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் பொடியைச் சுரண்டிவிட்டு அளந்தால், நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. சரி, ஏன் இல்லை? கிக் அடித்து ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கி அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜிங் சரி, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது. 12லேயே நின்றால் காயில், பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இடையிலுள்ள கனெக்டர் மூன்றில் ஒன்று பழுது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. புதுப் பேட்டரியையும் அது பொசுக்கும்.

ஹாரன் கணீரென்று அடித்தும் என்ஜின் பிடிக்கவில்லையா? ஹேண்டிலில் என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் இருந்தால் அதை முதலில் பாருங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் கேப்பிலேயே மாட்டி, உலோகப் பகுதி என்ஜினில் படும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கூடாது. வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது. நீலப் பொறி வந்தால் பெரும்பாலும் கோளாறு பெட்ரோல் பக்கம். வராவிட்டால் ஹெட்லைட் கூட்டுக்குள் இருக்கும் கனெக்டர்களைப் பிரியுங்கள். பித்தளைப் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். பிளக் கேப்பையும் துடையுங்கள்.

அதற்கும் பொறி வராவிட்டால், பொறியை நேரம் பார்த்துக் கிளப்பும் சிடிஐ பெட்டியைச் சந்தேகியுங்கள். அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றி மாட்டிப் பார்ப்பதே சுலபம், பக்கத்து வீட்டுத் தம்பி முறைக்காமல் கொடுத்தால்.